விளையாட்டு அடுப்பில் ஒரு டார்ச்

— இந்த டூத் பிரஷ் உங்க வீட்டோடதா சார்?

— காட்டுங்க மிஸ். முயல் தலை போட்டது… ஆமா, எங்க பொண்ணு எறும்போடதுதான். இது எப்படி இங்க வந்துச்சு? நேத்து காலையில இதைத் தேடி பாத்ரூமையே தலைகீழாக் கவுத்துட்டேன். கடைசியில விரலால தேய்ச்சு விட்டு அனுப்பினேன்.

— அப்ப இந்தத் தலகாணி உறை?

— அதுவும் எங்களுதுதான்.

— இந்த டார்ச்?

— அட, இது என்னோடது மிஸ்! நான் லிஃப்ட் ரிப்பேர் பண்றவன். குழிக்குள்ள இறங்கணும்னா இது இல்லாம கை ஒடிஞ்ச மாதிரி. கூட வேலை செய்யறவன்தான் எடுத்துட்டான்னு நினைச்சு அவன்கூட முகம் குடுத்துப் பேசறதையே விட்டுட்டேன். பாவம் அவன். எங்க இருந்துச்சு?

— அடுப்புக்குள்ள.

— எங்க வீட்டு அடுப்புக்குள்ளயா?

— இல்ல சார், எங்க அடுப்புக்குள்ள. அதோ மூலையில மர அடுப்பு, குட்டிப் பாத்திரம், மேஜை எல்லாம் இருக்கு பாருங்க, அங்கதான் பசங்க வீடு வச்சு விளையாடுவாங்க. இன்னைக்கு மத்தியானம் தூசி துடைக்கலாம்னு அந்த அடுப்புக் கதவைத் திறக்கறேன், உள்ள ஒரு ஆளு குடித்தனம் நடத்தற அளவுக்குச் சாமான் இருக்கு. ராத்திரி போடற கவுன் கூட இருந்துச்சு.

— மிஸ், எனக்கு ஒண்ணுமே புரியல. முதல்ல நான் எங்க உட்காரட்டும்?

— அந்தச் சின்ன நாற்காலிதான் சார். இந்த ரூம்ல பெரிசு கிடையாது. தைரியமா உட்காருங்க, தாங்கும்.

— முட்டி வந்து காதை இடிக்குது.

— இங்க வர்ற எல்லா அப்பாவுக்கும் அப்படித்தான். சார், நான் நேராவே கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. வீட்ல ஏதாவது பிரச்சனையா?

— பிரச்சனைன்னு… எப்படிச் சொல்றது. நானும் அவங்க அம்மாவும் கொஞ்ச நாளா தனித்தனியா இருக்கோம். சண்டை எல்லாம் இல்ல மிஸ். அதாவது, சண்டை இருக்கு, சத்தம்தான் இல்ல. குளிர் விடற சமயத்துல நான் பெட்டியைத் தூக்கிட்டு ஒரு ஃபிரெண்டு ரூமுக்குப் போயிட்டேன்.

— அப்படியா? ஆனா இந்த வாரம் பூரா நீங்கதானே காலையில கொண்டுவந்து விடறீங்க?

— அவளுக்கு ஆபீஸ்ல ட்ரெயினிங், வெளியூர் போயிருக்கா. ஞாயித்துக்கிழமை வந்துடுவா. அதுவரைக்கும் நான் வீட்ல எறும்போட இருக்கேன். அவ வந்ததும் சாவியைக் குடுத்துட்டுக் கிளம்பிடுவேன். அதான் ஏற்பாடு.

— நாங்களும் எறும்புன்னுதான் சார் கூப்பிடறோம். எப்பப் பாரு, எதையாவது ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்குத் தூக்கிட்டே இருப்பா. ஆனா வீட்டையே தூக்கிட்டு வருவான்னு நான் நினைக்கல.

— ஒருவேளை… மிஸ், நான் இப்படிச் சொல்லக்கூடாது. ஒருவேளை இது அவங்க அம்மா வேலையா இருக்குமோ? பிள்ளையை எங்கயாவது ராத்திரி தங்கற ஸ்கூல்ல சேக்கப் போறாளோ? எனக்குத் தெரியாம பெட்டி கட்டச் சொல்லியிருப்பாளோ?

— மத்தியானம் அவங்களுக்கும் போன் பண்ணேன் சார்.

— என்ன சொன்னா?

— ‘இது அவர் வேலையாத்தான் இருக்கும். என்கிட்டச் சொல்லாம பிள்ளையை அந்த ரூமுக்குக் கூட்டிட்டுப் போகப் பாக்கறாரு’ன்னாங்க.

— பாத்தீங்களா! எந்த விஷயத்துலயும் ஒத்துப்போகாதவங்க, இதுல மட்டும் ஒரே மாதிரி யோசிக்கறோம்.

— சிரிக்காதீங்க சார், எனக்குப் பயமா இருக்கு. இந்த வேலையில எனக்குக் குழந்தைங்களைப் பாத்தாலே பாதி புரிஞ்சிடும். இவளை மட்டும் இந்த வாரம் என்னால பிடிக்கவே முடியல. அந்த ஜன்னல் பக்கம் பாருங்க.

— பிளாஸ்டிக் கப்பு. வரிசையா செடி.

— ஈரப் பஞ்சுல அவரை விதை போட்டு வச்சிருக்கோம். இந்த வசந்த டெர்ம்ல வருஷா வருஷம் பண்றதுதான். எல்லாக் கப்பும் ஜன்னல்ல வெயில்ல இருக்கும். உங்க பொண்ணு கப்பு மட்டும் இல்ல பாருங்க. அதைத் தூக்கிட்டுப் போய் அந்த அடுப்புப் பக்கத்துல வச்சிருக்கா. ‘வெயில் வேணும்டா செல்லம், வாடிப் போயிடும்’னேன். ‘பகல்ல ஜன்னல்ல வைப்பேன் மிஸ், ராத்திரி என் பக்கத்துல இருக்கட்டும்’னா.

— ராத்திரியா? ராத்திரி அவ வீட்லல்ல இருப்பா?

— அதைத்தான் நானும் கேட்டேன். பேச்சை மாத்திட்டா. ‘ராத்திரி ஸ்கூல்ல யார் இருப்பாங்க?’ன்னா. வாட்ச்மேன் இருப்பாருன்னேன். ‘அவருக்குக் கதை சொல்லத் தெரியுமா?’ன்னா.

— வாட்ச்மேனுக்கா?

— ஆமா. நான் சும்மா குழந்தை கேக்குதுன்னு விட்டுட்டேன் சார். என் புத்தி அன்னைக்கு எங்க போச்சோ.

— இருங்க மிஸ், இருங்க. லிஃப்ட் நின்னுடுச்சுன்னா நான் முதல்ல கேக்கறது, கடைசியா எந்த மாடியில ஒழுங்கா நின்னுச்சுன்னுதான். அங்க இருந்து பாத்துட்டே வந்தா கோளாறு தெரிஞ்சிடும். இவ எப்ப வரைக்கும் ஒழுங்கா இருந்தா?

— அதுலதான் குழப்பமே. அவ ஒழுங்கு குறையவே இல்ல சார், கூடியிருக்கு! இந்த டெர்ம்ல நாங்க என்னென்ன சொல்லிக் குடுக்கறோமோ எல்லாத்தையும் முதல்ல முடிச்சது அவதான். ஷூ லேஸ் கட்டறதுக்கு மத்த பசங்க இன்னும் முழிக்குதுங்க. இவ ஒரு வாரத்துல கட்டிட்டா. கோட்டு பட்டன் தானே போட்டுக்கறா. வீட்டு அட்ரஸ் கடகடன்னு ஒப்பிக்கறா. போன் நம்பர் ஒண்ணு தெரிஞ்சா போதும்னோம், இவ உங்களோடது, அம்மாவோடது ரெண்டும் சொல்றா.

— வீட்லயும் அப்படித்தான் மிஸ். நான் லேஸ் கட்டக் குனிஞ்சா காலை இழுத்துக்கறா. ‘நானே கட்டிப் பழகணும்பா, அப்பறம் யார் கட்டி விடுவா?’ங்கறா.

— அப்பறம்னா, எப்ப?

— அதைக் கேக்கத் தோணலையே எனக்கு! ‘அட, பெரிய மனுஷி’ன்னு சிரிச்சுட்டு, லேட்டாச்சுன்னு இழுத்துட்டு வந்துட்டேன்.

— தூங்கற நேரத்துலயும் ஒண்ணு கவனிச்சேன். மத்தியானம் லைட்டை அணைச்சதும் கண்ணை இறுக்கி மூடிட்டு, ஒண்ணுல இருந்து இருவது வரைக்கும் எண்றா. இருவது இந்த டெர்ம் பாடம்தான், எனக்குச் சந்தோஷம்தான். ஆனா ‘ஏன்டா தூங்காம எண்ற?’ன்னு கேட்டா, ‘இருட்டுல பயப்படாம இருக்கப் பழகறேன் மிஸ்’ங்கறா.

— யாராவது மிரட்டியிருப்பாங்களோ? ஆயா கீயா?

— எங்க ஆயா எறும்பைக் கூட மிதிக்க மாட்டாங்க சார். இன்னும் ஒண்ணு இருக்கு. உங்களை உடனே வரச் சொன்னதுக்குக் காரணமே அதுதான். இன்னைக்கு மத்தியானம் வேலைப் பலகையில பேர் அட்டையை மாத்திட்டிருந்தேன். இவ ஓடி வந்து தன்னோட அட்டையைப் பிடுங்கிட்டா. ‘அடுத்த வாரம் எனக்கு இங்க வேலை போடாதீங்க மிஸ். எனக்கு வேற டர்ன் இருக்கு’ன்னா.

— என்ன டர்ன்? என்ன பலகை?

— உங்களுக்குத் தெரியாதா? தினமும் அதைப் பத்திதானே பேசுவா. அதோ, கதவுக்குப் பக்கத்துல பை பையா தைச்ச துணி தொங்குதே, அதான். ஒரு பை வரிசைக்கு முன்னாடி நடக்கறவங்களுக்கு. ஒரு பை கதவைப் பிடிக்கறவங்களுக்கு. செடிக்குத் தண்ணி ஊத்த ஒருத்தர், லைட்டை அணைக்க ஒருத்தர். திங்கக்கிழமை ஆனா ஒவ்வொரு பேரும் ஒரு பை தள்ளிப் போகும். யாரையும் விட்டுட மாட்டோம். டர்ன் வந்தா மாட்டேன்னு சொல்லக்கூடாது, அழக்கூடாது. எழுத்து, எண்ணு எல்லாத்தையும் விட இதைத்தான் சார் நான் முக்கியமா சொல்லிக் குடுக்கறது.

— ஒரு பை தள்ளி… யாரையும் விட்டுட மாட்டீங்க…

— என்னாச்சு சார்? முகமெல்லாம் வேர்த்துடுச்சு. தண்ணி தரட்டுமா? கப்பு சின்னதுதான்.

— அந்த டர்ன்… அது நான் சொன்னது மிஸ்.

— எது?

— நான் பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பின அன்னைக்கு, வாசல்ல வந்து நின்னு ‘ஏன் போற?’ன்னா. அவங்க அம்மா உள்ள போய்க் கதவைச் சாத்திட்டா. என்ன சொல்லிப் புரிய வைக்கறது அஞ்சு வயசுக்கு? அவ எப்பவும் கிளாஸ்ல டர்ன் மாறுதுன்னு பேசறது ஞாபகம் வந்துச்சு. ‘உங்க கிளாஸ்ல டர்ன் மாறுதுல்ல, அந்த மாதிரிடா. இப்ப வெளிய இருக்கற டர்ன் அப்பாவுக்கு’ன்னேன். அழாம தலையாட்டினா. அப்பாடா, புரிஞ்சுக்கிட்டான்னு நான் போயிட்டேன்.

— ஐயோ, சார்…

— இந்த வாரம் அவங்க அம்மா வெளியூர் போனா. நான் உள்ள வந்தேன். அவ கணக்குல பை ஒண்ணு தள்ளிப் போச்சு.

— அப்ப இந்த டூத் பிரஷ்… ஆயா! வெளிய மணல்ல இருக்கால்ல, அவளைக் கொஞ்சம் உள்ள அனுப்புங்க. கையைத் தட்டிவிட்டு அனுப்புங்க.

— மிஸ், நான் என்ன பேசட்டும் அவகிட்ட? நீங்களே பேசுங்களேன்.

— நான் கேட்டா பேச்சை மாத்திடுவா சார். நீங்க பேசுங்க. நான் பக்கத்துலயே இருக்கேன்.

— மிஸ்ஸ்! அடுப்பைத் திறந்துட்டீங்களா? இன்னும் திங்கக்கிழமை வரவே இல்லையே! அப்பா, நீ ஏன் என் நாற்காலியில உட்கார்ந்திருக்க?

— வா எறும்பு. இங்க வா, அப்பா மடிக்கு வா. இதெல்லாம் எதுக்குடா இங்க கொண்டுவந்து வச்ச?

— ஒரே நாள்ல தூக்க முடியாதுல்ல, அதான் தினமும் ஒண்ணு ஒண்ணா. டார்ச் உன்கிட்டக் கேக்காம எடுத்துட்டேன். திட்டாத, டர்ன் முடிஞ்சதும் தந்துடுவேன்.

— யாரு டர்ன்?

— என்னப்பா நீ, உனக்கே தெரியாதா? முதல்ல நீ வெளிய இருந்த. அப்பறம் அம்மா வெளிய. திங்கக்கிழமை நான். நம்ம வீட்ல மூணு பேர்தானே.

— அது உனக்கு இல்லடா கண்ணு. அது பெரியவங்களுக்கு மட்டும்.

— அது போங்காட்டம்! டர்ன்ல பெரியவங்க சின்னவங்க கிடையாதுன்னு மிஸ் சொல்லியிருக்காங்க. இல்ல மிஸ்?

— நான் சொன்னது செடிக்குத் தண்ணி ஊத்தறதுக்குடா செல்லம்.

— எல்லாத்துக்கும்னு சொன்னீங்க.

— சொன்னேன்தான். அப்படித்தான் சொன்னேன் சார்.

— எறும்பு, அப்பாவைப் பாரு. ராத்திரி இங்க யாரும் இருக்க மாட்டாங்க. இருட்டா இருக்கும். உனக்குப் பயமா இருக்காதா?

— இருக்கும். அதான் டார்ச். அப்பறம் இருவது வரைக்கும் எண்ணுவேன். அப்பவும் பயமா இருந்தா மறுபடி ஒண்ணுல இருந்து எண்ணுவேன். நீ ஏன் மூக்கை உறிஞ்சற? டர்ன்ல அழக்கூடாது.

— அழல. ஜலதோஷம். சரி, நான் ஒண்ணு சொல்றேன் கேளு. நீ எங்கயும் போக வேணாம். உன் டர்னை அப்பா எடுத்துக்கறேன். நானே மறுபடி வெளிய போறேன், நீ அம்மாவோட வீட்ல இரு. சரியா? சந்தோஷமா?

— வேணாம்! குடுக்க மாட்டேன்!

— ஏன்டா?

— நீ வெளிய போனா அம்மா மட்டும் இருக்கா. அம்மா வெளிய போனா நீ மட்டும் இருக்க. நான் வெளிய இருந்தாதானே அப்பா, நீயும் அம்மாவும் ஒண்ணா வீட்ல இருப்பீங்க?