பீரோவுக்குள் இருந்த வீடியோ

மரக்காணத்தில் புதுச்சேரி பஸ் ஏறிய கல்யாண வீடியோக்காரருக்கு, வீட்டு லேப்டாப்பில் இருந்த வீடியோ போனில் இறங்கவில்லை. மனைவியை அழைத்து ஸ்பீக்கரில் பேசினார்.

“லேப்டாப்பை பீரோவுலயா வச்ச?”

“போன வருஷம் ஒண்ணு உப்புக்காத்துல துருப்பிடிச்சுதே. சார்ஜர் ஒயருக்குச் சந்து விட்டுத்தான் சாத்தினேன்.”

“இரும்பு பீரோடி, வைஃபை எப்படி உள்ள போவும்? சாயங்காலம் ரிசப்ஷன்ல போடணும். கல்யாணப் பொண்ணோட அப்பா நிச்சயதார்த்தத்துல பேசினது அதுல மட்டும்தான் இருக்குது. இப்ப அவரு இல்ல.”

பீரோக் கதவு கிறீச்சிடுவது போனில் கேட்டது.

“திறந்துட்டேன். வருதா?”

“வருது, மெதுவா.”

“வரட்டும். உப்புக்காத்து படாம ஜன்னலைச் சாத்திட்டு இங்கயே உக்காந்திருக்கேன்.”

“புழுங்குமேடி.”

“அவரு பேசி முடிக்கிற வரைக்கும்தானே.”