கிழக்கே பார்த்த வண்டிகள்

பெரியசாமி: ஏம்மா... கேப்பை காய வைக்கிற அம்மா! என் வண்டிய யாரு திருப்பி வெச்சது?

வீரம்மாள்: எந்த வண்டிங்க?

பெரியசாமி: இந்தப் புளியமரத்தடியில உட்டுட்டு டீ குடிக்கப் போனேன். மேக்க பாத்து நின்னுது. வந்து பாத்தா கெழக்க பாத்து நிக்குது.

வீரம்மாள்: அது... காத்து அடிச்சிருக்கும்.

பெரியசாமி: காத்தா? ரெண்டு மாட்டையும் சேத்தா திருப்பிடிச்சு?

வீரம்மாள்: கிளியனூர் காத்து அப்பிடித்தாங்க. புதுச்சேரிக் கடலு கிட்டக்கதானே...

பெரியசாமி: சரி. அதோ நிக்கிற வண்டிங்க கூட எல்லாமே கெழக்க பாத்து நிக்குதே?

வீரம்மாள்: அது எங்கூரு வழக்கம். சூரியனப் பாத்து நின்னா மாட்டுக்கு ஆயுசு கெட்டி.

பெரியசாமி: இப்பத்தான் காத்துன்னே.

வீரம்மாள்: ரெண்டும்தான். நீங்க எந்தூரு? இன்னா சோலியா வந்தீங்க?

பெரியசாமி: மண்டகப்பட்டு. பேரு பெரியசாமி. சுப்பராயலு வூட்டுல உழவு மாடு இருக்குதுன்னு திண்டிவனம் சந்தையில சொன்னாங்க.

வீரம்மாள்: ஆங்... இருக்குது, இருக்குது. நல்ல மாடு.

பெரியசாமி: அந்த வூட்டுல பாஞ்சாலின்னு ஒரு பொண்ணு இருக்காமே. கொணம் எப்பிடி?

வீரம்மாள்: மாடு வாங்க வந்தவரு பொண்ணு கொணத்தக் கேக்கறீங்க?

பெரியசாமி: அது... மாட்டுக்குத் தண்ணி காட்டறது அந்தப் பொண்ணுதானே.

வீரம்மாள்: தங்கமான பொண்ணுங்க. அதிர்ந்து ஒரு வார்த்த பேசாது.

பெரியசாமி: சமையலு?

வீரம்மாள்: மாட்டுக்கா?

பெரியசாமி: ...சரி, ஒத்துக்கறேன். என் பையனுக்குச் சம்மந்தம் விசாரிக்கத்தான் வந்தேன். அந்த வூட்டுல போயி சொல்லிடாத.

வீரம்மாள்: நான் எதுக்குங்க சொல்லப் போறேன்? எனக்கும் அந்த வூட்டுக்கும் இன்னா இருக்குது?

பெரியசாமி: எந்த வூட்டுக்கு?

வீரம்மாள்: அதான்... நீங்க சொன்னீங்களே, அவுரு வூட்டுக்கு.

பெரியசாமி: அவுரு பேரு?

வீரம்மாள்: பேரு... தொண்டைய அடைக்குது. கேப்பைத் தூசி.

பெரியசாமி: ம்... பொண்ணுக்கு ஒரு அண்ணன் இருக்கானாமே. கொஞ்சம் ஒருமாதிரின்னு டீக்கடையில...

வீரம்மாள்: எவன் சொன்னான்? ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டோம்னு அம்மன் கோயில்ல சூடம் அணைச்சாங்களே!

பெரியசாமி: யாரும் சொல்லல. நான்தான் கேட்டேன். ஒடனே கடையில இருந்த அத்தன பேரும் புதுச்சேரிய பிரெஞ்சுக்காரன் உட்டுட்டுப் போன கதைய ஆரம்பிச்சிட்டாங்க. அவன் போயி எத்தினி வருசமாவுது! மறுபடி கேட்டேன். அண்ணனே கெடையாதுன்னாரு ஒருத்தரு. பக்கத்துல இருந்தவன் அண்ணன் மிலிட்டிரியில இருக்கான்னான்.

வீரம்மாள்: பாவிங்க... எல்லாரும் ஒரே மாதிரி சொல்லுங்கன்னு தலபாடா அடிச்சிக்கினேனே!

பெரியசாமி: நீயா?

வீரம்மாள்: ...ஊர்ல பேசிக்கினாங்க.

கண்ணையன்: அம்மா. இந்தக் கேப்பைப் பாயி கோணலா இருக்குது.

வீரம்மாள்: கண்ணையா! நீ எங்கடா இங்க... போ, போ, அப்பறம் வர்றேன்.

பெரியசாமி: அம்மாவா?

வீரம்மாள்: எல்லாரும் அப்பிடித்தாங்க கூப்புடுவாங்க. நான் ஊருக்கே அம்மா.

கண்ணையன்: இல்ல. எனக்கும் பாஞ்சாலிக்கும் மட்டுந்தான் அம்மா. எங்கப்பா பேரு சுப்பராயலு.

வீரம்மாள்: போச்சு! எல்லாம் போச்சு!

கண்ணையன்: வண்டிய நான்தான் திருப்பினேன். மேக்க பாத்து நிறுத்தறது தப்பு.

பெரியசாமி: தப்புதான் தம்பி. இனிமே கெழக்க பாத்தே உடறேன். என் பேரு பெரியசாமி.

கண்ணையன்: மெதுவாப் பேசறாரு அம்மா. நல்லாருக்குது. நான் பாய நேராக்கறேன்.

வீரம்மாள்: ...மறைச்சது தப்புதாங்க. இவனச் சொல்லியே வந்த சம்மந்தமெல்லாம் தட்டிப்போச்சு. பைத்தியம் புடிச்ச வூடுன்னாங்க. பைத்தியம் இல்லீங்க என் புள்ள. சத்தம் தாங்க மாட்டான், எல்லாம் வரிசையா இருக்கணும், பொய் சொல்ல வராது. அவ்ளோதான்.

பெரியசாமி: பொய் சொல்ல ஒனக்கும்தான் வரல. புருசன் பேரு வாயில வராம முழிச்சியே, அப்பவே தெரிஞ்சு போச்சு. சரி... ஊரு எப்பிடித் தாங்குது?

வீரம்மாள்: மொதல்ல தாங்கல. கெணத்தாண்ட போயி கொடத்தையெல்லாம் வரிசையா வைக்க ஆரம்பிச்சான். தண்ணிக்கு வந்த முனியம்மா வெளக்கமாத்த எடுத்துக்கினு வந்துட்டா. அப்பறம் பாத்தா, யாரு முந்தி யாரு பிந்தின்னு சண்டையே இல்ல! இப்ப ஒரு நாளு இவன் வரலன்னா வூட்டு வாசல்ல வந்து நிக்கிறாளுங்க.

பெரியசாமி: திருவிழாவுல வெடி, பம்பையெல்லாம்?

வீரம்மாள்: வெடிய ஏரிக்கரைக்குக் கொண்டுபோயி கொளுத்துவாங்க. பம்பைக்காரரு தெருமொனையில நின்னுக்கினு, "கண்ணையா, வரட்டுமா?"ன்னு கேப்பாரு. இவன் காதப் பொத்திக்கினு தலையாட்டினாத்தான் அடிப்பாரு.

பெரியசாமி: ஆட்டலன்னா?

வீரம்மாள்: எங்க தெருவுல அம்மன் சத்தமில்லாம போவும். அம்மன் ஒண்ணும் கோச்சிக்கல, மழ நல்லாத்தான் பேஞ்சுது. பம்பைக்காரருதான் மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு நடப்பாரு.

பெரியசாமி: இவ்ளோ செய்யற ஊரு... எதுக்கு ஒளிக்கணும்?

வீரம்மாள்: பாஞ்சாலி ஒரு வூட்டுல வாழணுமேன்னுதான். நாங்க ஒளிக்கிறது அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா, எங்கண்ணன் வேணாம்ங்கற வூடு எனக்கும் வேணாம்னுடுவா... உடுங்க. நீங்க கெளம்புங்க, வெயிலேறிடும். அடடா, உங்க மாட்டுக் கழுத்துல மணியக் காணோமே! இவன்தான் அவுத்திருப்பான். சித்த இருங்க, தேடிக் குடுத்துடறேன்.

பெரியசாமி: தேடாத சம்மந்தியம்மா. அவன் அவுக்கல. எங்க வூட்டு மாட்டுக்கு மணி கட்டியே ரொம்ப வருசமாவுது... என் மூத்த பொண்ணு பூமாலைக்கு அந்தச் சத்தம் ஆவாது. அவளோட இருக்கத் தெரிஞ்ச மருமவ வேணும்னுதான், நானும் ஊரு ஊரா மாடு பாத்துக்கினு இருக்கேன்.