நடுச்சுவரில் என் முகம்

லண்டன் இல்ஃபோர்ட்டில் நல்ல அறக்குளா மீன் வேண்டுமென்றால் இந்த இராஜேந்திரன் கடைக்குத்தான் வரவேண்டும். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை, ஊரே சொல்லும். தங்கச்சி, நீங்கள் மொழிபெயர்க்க வந்தவர், நான் சொல்வதை இந்தப் பொலிஸ் அதிகாரிக்கு அப்படியே சொல்லுங்கள். மீனின் பெயர் இங்கிலீசில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். அவர் சுவரைப் பற்றித்தானே கேட்டார்.

எங்கள் சங்க மண்டபத்துச் சுவரில் படம் வரைய வந்தவள் சிவரூபினி. மெக்சிக்கோவில் கொஞ்சக் காலம் இருந்து படித்துவிட்டு வந்த பிள்ளை. வாயைத் திறந்தால் டியேகோ ரிவேரா, அந்த நாட்டில் சுவர் சுவராகப் படம் வரைந்தவர். பானை வயிறும் தவளை முழியுமாக ஒரு மனிதர். விவாகரத்துச் செய்த மனைவியையே திரும்பவும் கட்டியவர். நியூயோர்க்கில் ஒரு கோடீஸ்வரரின் கட்டடத்தில், அவருடைய காசிலேயே, லெனினின் முகத்தை வரைந்து வைத்தாராம். எடு என்றால் எடுக்கமாட்டாராம். வேண்டுமானால் லிங்கனையும் சேர்த்து வரைகிறேன் என்றாராம். கடைசியில் கூலியை முழுதாகக் கொடுத்து அனுப்பிவிட்டு, சுவரை உடைத்தார்கள். இதைச் சொல்லும்போது சிவரூபினிக்குக் கண் கலங்கும். எனக்கென்னவோ உடைத்தவர்கள்மேல்தான் மரியாதை வந்தது.

நான் சங்கத் தலைவர். சுண்ணாம்பு, சாரம், வர்ணம் எல்லாம் என் செலவு. அதற்கு அவள் எனக்கு ஒதுக்கிய இடம் கதவோரம், தீயணைக்கும் சிலிண்டருக்கு மேலே. நடுவில் நிற்கப்போவது யோகராஜா. என் கடையில் மீன் வெட்டுகிறவன்.

"உழைக்கிற ஆள்தான் நடுவில நிக்கவேணும், அங்கிள். ரிவேராவும் அப்பிடித்தான்" என்றாள்.

அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான். யோகராஜா மீன் வெட்டுவதை விட்டுவிட்டு, வருகிற சனத்திடம் எல்லாம் முகத்தைத் திருப்பிக் காட்டி, எந்தப் பக்கம் வடிவு என்று கேட்க ஆரம்பித்தான். என் முகம் வாடியிருந்ததையும் கண்டுவிட்டான். "முதலாளிக்குக் கலியாண வீடெண்டால் மாப்பிள்ளை, செத்தவீடெண்டால் பிணம், நடு இடம் இல்லாட்டி நித்திரை வராது" என்று சொல்ல, கடை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

இந்த ஓவிய வேலையில் ஒரு சங்கடம் உண்டு. ஈரச் சுண்ணாம்பில்தான் வரையவேண்டும். அன்று பூசியதை அன்றே முடிக்கவேண்டும். காய்ந்துவிட்டால் வர்ணம் பிடிக்காது. பிடித்துவிட்டாலோ கழுவினாலும் போகாது. உடம்பைத் தன் பாட்டுக்கு வரைந்துவிடுவாள். முகத்தையும் கையையும் மட்டும் ஆளை முன்னால் இருத்தி, பார்த்து வரைவாள். யோகராஜாவின் முறை ஒரு திங்கட்கிழமை வந்தது. அன்று கடை லீவு. போகிற வழியில் வந்து ஒரு பெட்டி இறால் எடுத்துத் தா என்று அவனைக் குளிர் அறைக்குள் அனுப்பிவிட்டு, நான் மண்டபத்துக்குப் போனேன்.

சிவரூபினி தவித்துக்கொண்டிருந்தாள். "யோகராஜா அண்ணை எங்க? சுண்ணாம்பு காயப்போகுது."

"அவன் வரமாட்டான். நான் இருக்கிறன், கீறுங்கோ பிள்ளை."

சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு தூரிகையை எடுத்தாள். இவர்களின் கொள்கை எல்லாம் சுண்ணாம்பு காயும்வரைதான். மீன் வெட்டுகிறவனின் உடம்பில் என் முகம் வந்து உட்கார்ந்தது.

யோகராஜாவின் சாவு உங்களுக்குத் தெரியும். குளிர் அறைக் கதவு தானாகச் சிக்கிவிட்டது, உள்ளே இருந்த கைப்பிடி முன்பே உடைந்திருந்தது என்று மரண விசாரணையில் சொன்னேன். வெளியே தொங்கிய பூட்டைப் பற்றியும் கேட்டார்கள். அதன் திறப்பு தொலைந்து மாதக்கணக்காகிறது என்றேன். நம்பினார்கள். செத்தவீட்டுச் செலவு முழுக்க என்னுடையது.

படத் திறப்பு விழாவில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். நான் மட்டும் கையைப் பார்த்தேன். விரல்களுக்கிடையில் அந்தக் குளிர் அறைப் பூட்டின் திறப்பு, சிவப்பு நூல் கட்டியபடி. இருந்த அலுப்பில் உருட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அழிக்கச் சொன்னேன்.

"ஏலாது அங்கிள், சுவர் குடிச்சிட்டுது. நான் கண்டதைத்தானே கீறினன்? வேணுமெண்டால் பக்கத்தில ஒரு மீன் கீறிவிடுறன்."

அவளுக்கு ஒன்றும் தெரியாது. லிங்கன் கதைதான், மீன் வடிவில். நானே உளி எடுத்துத் திறப்பை மட்டும் கொத்தினேன். முழுவதையும் கொத்தியிருக்கலாம்தான். ஆனால் முகம் அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

அதுவரை ஒருவரும் கையைக் கவனிக்கவில்லை. ஓட்டை விழுந்த பிறகு வேறு எதையும் கவனிக்கவில்லை. விழாப் படங்களை ஃபோனில் தேடி எடுத்தார்கள். யோகராஜாவின் மனைவி தவமலர் நூலை அடையாளம் கண்டாள். கோயிலில் கொடுத்த நூல்; அவன் செத்த வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை அவன் கொண்டுதிரிந்த கடைத் திறப்பில் அவளே கட்டிவிட்டதாம்.

பூட்டினது நானா என்று அதிகாரி கேட்கிறார். ஓம், நான்தான். அவன் அன்றைக்கு வராமல் இருந்தால் எனக்குப் போதும். உள்ளேயிருந்து தட்டினான், கேட்டது. நெஞ்சு வருத்தத்துக்கு மருந்து எடுக்கிறவன் என்பதும் தெரியும். மண்டபத்தில் இருக்கும்போது அவன் நினைவு வராமல் இல்லை. நான் கல்நெஞ்சன் அல்ல, தங்கச்சி. எழும்பத்தான் பார்த்தேன். "அசையாதேங்கோ அங்கிள், வாய் இன்னும் முடியேல்லை" என்றாள். சுண்ணாம்பு காய்ந்துகொண்டிருந்தது. வாயில்லாத முகத்தோடு நடுச்சுவரில் நிற்க யாருக்கு மனம் வரும், நீங்களே சொல்லுங்கள்.