இன்று கைதட்டக் கூடாது

திருக்காட்டுப்பள்ளியிலிருந்து தஞ்சாவூர் போகும் பேருந்தில் என் முன்சீட்டில் இரண்டு பெண்கள். காலடியில் ஒரு கூடை நிறைய, கைப்பிடிக் கட்டுகளாக நெல் நாற்று முடிகள்.

“இன்னிக்கு யாரும் கைதட்டக் கூடாது, செல்வி. சொல்லிட்டேன்.”

“தட்டினா என்னக்கா?”

“போன கருத்துக்கேட்புக் கூட்டத்துல என்ன ஆச்சு? வயல் வழியா பைபாஸ் வருதுன்னு அதிகாரி பேசி முடிச்சாரு. முன்வரிசையில யாரோ ஒரு பெரியவர் தட்டினாரு. மரியாதைக்கு நாமளும் தட்டினோம். மறுநாள் பேப்பர்ல, ‘மக்கள் கைதட்டி வரவேற்பு’. இப்ப நம்ம வயல்ல கல்லு நட்டுட்டாங்க.”

“அந்தாளுக்கு நிலம் கிடையாதுபோல.”

“இருந்திருந்தா கை எழுந்திருக்குமா?”

அந்தப் பெரியவர் நான்தான். யார் பேசி முடித்தாலும் கைதட்டுவது என் பழக்கம்.

“பழக்கதோஷத்துல கை தானா தட்டிருச்சுன்னா?”

“அதுக்குத்தான் நாத்து முடி. ஆளுக்கு ரெண்டு கையிலயும் ஒவ்வொண்ணு. அப்புறம் எந்தப் பேப்பர்ல என்ன எழுதுறாங்கன்னு பார்ப்போம்.”

கூட்டம் நடக்கும் மண்டபத்தருகே மூவரும் இறங்கினோம். மூத்தவள் என்னைப் பார்த்தாள்.

“கூட்டத்துக்கா ஐயா? கை சும்மா இருக்கே. இந்தாங்க.”

இரண்டு கையையும் நீட்டினேன்.