அம்மாவுக்கு மட்டும் ரெண்டு

சிஸ்டர்: ...சரி, எறும்பு கடிக்கிற மாதிரி சின்ன வலியெல்லாம் போதும். யானைக்கு வா. யானைன்னா வலி பத்துக்கு எத்தனை?

வாலு: ஏழு. முதுகு மேல வந்து உக்காந்துக்கும். எந்திரிக்கவே எந்திரிக்காது.

சிஸ்டர்: எட்டு?

வாலு: அதே யானைதான். ஆனா உக்காந்துக்கிட்டே போன் பேசும்.

சிஸ்டர்: யார்கிட்ட?

வாலு: வீட்டுக்கார யானைகிட்ட. சமையல் ஆச்சா, குழந்தை குளிச்சுதான்னு...

சிஸ்டர்: அடிப்பாவி. இருபது வருஷமா நர்ஸ் வேலை பாக்கறேன். வலிக்கு நம்பர் கேட்டா குடும்பக் கதை சொன்ன பத்து வயசுப் பொண்ணு நீ ஒருத்திதான். இப்போ எத்தனை? அம்மா வெளில போயிட்டாங்க, நிஜத்தைச் சொல்லு.

வாலு: ஆறு. யானை உக்கார எடம் பாக்குது.

சிஸ்டர்: வாயைத் திற. ...ம், முழுங்கு. முகத்தை அப்படிச் சுளிக்காதே, மருந்துக்குக் கோபம் வந்துடும். இப்போதானே அம்மா கேட்டாங்க, அவங்ககிட்ட என்ன சொன்னே?

வாலு: ரெண்டு.

சிஸ்டர்: அதென்ன, அம்மாவுக்கு மட்டும் எப்பவும் ரெண்டு?

வாலு: ஒரு தடவை ஒன்பதுன்னு சொன்னேன் சிஸ்டர். அம்மா மூஞ்சி பத்தாயிடுச்சு. பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கிட்டு... அரை மணி நேரம். மாடில டேங்க்கே காலியாகியிருக்கும்.

சிஸ்டர்: இங்க இருந்த வரைக்கும் சரி. நீ என்கிட்ட ரகசியமா சொன்னே, நான் மருந்து குடுத்தேன். சாயங்காலம் வீட்டுக்குப் போறே. அங்க மருந்து குடுக்கப் போறது யாரு?

வாலு: அம்மா.

சிஸ்டர்: நீ ரெண்டுன்னு சொன்னா ரெண்டுக்குத்தானே குடுப்பாங்க? மிச்ச யானையை யார் சுமக்கறது?

வாலு: வீட்டுல ஊசி கிடையாதுல்ல?

சிஸ்டர்: கிடையாது. பேச்சை மாத்தாதே.

வாலு: பெரிய டாக்டர் அம்மாகிட்ட சொன்னது எனக்கும் கேட்டுச்சு. இனிமே குணப்படுத்த மருந்தில்லை, வலிக்காம பாத்துக்கறதுதான்னு.

சிஸ்டர்: ...நீ தூங்கிட்டிருந்தியே.

வாலு: குறட்டைகூட விட்டேன்.

சிஸ்டர்: அது நீயா? டாக்டருக்குத்தான் மூக்கடைப்புன்னு நினைச்சேன்.

வாலு: அதான் சிஸ்டர்... இருக்கிற கொஞ்ச நாளைக்கு அம்மா சிரிச்சுக்கிட்டு இருக்கட்டுமேன்னு.

சிஸ்டர்: நீ பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருந்தா அவங்க எதைப் பாத்துடி சிரிக்கறது? வா, ஒத்திகை பாப்போம். நான்தான் அம்மா. "கண்ணு, வலி எத்தனைடா?"

வாலு: அம்மா கண்ணுன்னெல்லாம் கூப்பிட மாட்டாங்க. ஏய் கழுதைன்னுவாங்க.

சிஸ்டர்: "ஏய் கழுதை, வலி எத்தனை?"

வாலு: ...ஆறு.

சிஸ்டர்: "ஐயையோ, ஆறா... என் தலையில இடி விழுந்துடுச்சே, நான் என்ன பண்ணுவேன், எங்க போவேன்..."

வாலு: சிஸ்டர், எங்கம்மா இப்படி மார்ல அடிச்சுக்க மாட்டாங்க. என் போர்வையில மூக்கைத் துடைக்கவும்... ஐயோ சிரிக்க வைக்காதீங்க, விலா நோகுது.

சிஸ்டர்: எத்தனை?

வாலு: விலா மட்டும் மூணு.

சிஸ்டர்: உஷ். கதவு. ...வாங்கம்மா. வீட்டுக்குப் போற சீட்டு வாங்கிட்டீங்களா?

அம்மா: வாங்கிட்டேன் சிஸ்டர். நம்பரைக் கேட்டுக் கேட்டுத்தான் மருந்து குடுக்கணும்னு பெரிய எழுத்துல எழுதியிருக்காங்க. ஏய் கழுதை, இப்போ எத்தனை?

வாலு: ...ரெண்டு.

சிஸ்டர்: ம்க்கும்.

வாலு: பாவம், சிஸ்டருக்குத் தொண்டை கட்டிக்கிச்சு.

சிஸ்டர்: ம்க்கும். ம்க்கும்.

வாலு: ...ஆறும்மா. இப்பதான் மருந்து குடிச்சேன், குறைஞ்சிடும். நீ பாத்ரூமுக்குப் போகாதே.

அம்மா: காலைல ஏழு. நேத்து சாயங்காலம் அஞ்சு. நேத்து மத்தியானம் எட்டு.

வாலு: ...உனக்கு எப்படித் தெரியும்?

அம்மா: சிஸ்டர் வந்ததும் ஏதாவது சாக்குச் சொல்லிட்டு வெளில போறேனே, எங்க போறேன்னு நினைச்சே? அந்தக் கதவுக்குப் பின்னாடிதான். சிஸ்டரும் ஒரு நாள்கூடக் கதவை முழுசா சாத்தினதில்லை.

வாலு: சிஸ்டர்... நீங்களுமா?

சிஸ்டர்: எனக்கு ஒண்ணும் தெரியாது. கதவுல கீல் சரியில்லை.

வாலு: அப்போ நான் ரெண்டுன்னு சொன்னப்பல்லாம் நம்பின மாதிரி ஏம்மா சிரிச்சே?

அம்மா: நீ அவ்வளவு வலியில எனக்காகப் பொய் சொல்றே. நான் சிரிக்கலேன்னா அது வேற உனக்கு வலிக்குமேன்னுதான். வீட்டுல நீ நிஜத்தைச் சொல்றதுக்கும் அதை நான் ஒட்டுக் கேக்கறதுக்கும் சிஸ்டர் இருக்க மாட்டாங்க. அதனால நீ உள்ளதைச் சொல்லு, நான் உன் எதிர்லயே உக்காந்து அழுதுக்கறேன். அவங்கவங்க வேலையை அவங்கவங்க பாப்போம்.