வாழைத்தார் மறைத்த முகம்

எர்னஸ்டின்: கண்ணாடியத் தொடச்சுட்டுப் பாருடி. படத்துக்கு முத்தம் குடுக்கறவ மாதிரி ஒட்டிக்கிட்டு...

லவீனியா: மூஞ்சி தெரிஞ்சாத்தானே அக்கா. வாழைத்தாரு மறைக்குது.

எர்னஸ்டின்: அப்போ விடு. நூலகத்துப் பொண்ணு எழுதி வச்சிருக்கற பேரே இருக்கட்டும்.

டேனா: அதக் கேக்கத்தாம்மா உங்க ரெண்டு பேரையும் வரச் சொன்னேன். நம்ம ஊரு மொபீல் துறைமுகத்துல வேலைநிறுத்தம் நடந்தப்போ எடுத்த படம். எல்லாரும் வாசல மறிச்சு நிக்கறாங்க, இவர் ஒருத்தர் மட்டும் தார் சுமக்கறாரு. மூணு பேரு வந்து பாத்துட்டு, இவரு பேரு ராயல் டூசான்னு சொன்னாங்க...

லவீனியா: மூணு பேருக்கும் மூஞ்சி தெரிஞ்சுதாமா?

எர்னஸ்டின்: ஊருக்கே தெரிஞ்ச விஷயம்டி. கருங்காலின்னு துப்பித்தானே அவன சிகாகோவுக்கு ரயிலேத்துனாங்க.

லவீனியா: முதல்ல துப்புனது யாரு? நம்ம அப்பா.

டேனா: அவரத் தெரியுமாம்மா உங்களுக்கு?

எர்னஸ்டின்: தெரியுமாவா? இவளக் கட்டிக்கறதா இருந்தவன்...

லவீனியா: அக்கா!

எர்னஸ்டின்: என்ன அக்கா? நாப்பது வருஷம் ஆச்சு. ரெண்டு புருஷனப் பொதச்சுட்ட, இன்னும் வெக்கமா?

டேனா: அவரு போன வருஷம் தவறிட்டாரு. ஞாயித்துக்கிழமை கண்காட்சிக்கு அவரு மக வர்றாங்க. எங்கப்பா படம் ஏதாவது இருக்கான்னு கேட்டாங்க...

லவீனியா: இதையா காட்டப் போற? கீழ கருங்காலின்னு எழுதியா?

டேனா: ஐயோ, அப்பிடி எழுத மாட்டோம்மா. பேரும், வேலைநிறுத்தத்து அன்னிக்கு எடுத்ததுன்னும்தான்.

லவீனியா: எங்க ஆளுங்களுக்கு அது போதும்.

எர்னஸ்டின்: எந்திரிடி. பஸ் போயிடும்.

லவீனியா: போகட்டும், அடுத்ததுல போலாம். அக்கா, அந்த வாரம் நம்ம தெருவுல யாரு வீட்டு அடுப்பு எரிஞ்சுது?

எர்னஸ்டின்: ...யாரு வீட்லயும் இல்ல.

லவீனியா: நம்ம வீட்ல?

எர்னஸ்டின்: இப்போ எதுக்கு அந்தப் பேச்சு?

லவீனியா: கோழி கொதிச்சுது. வெண்டைக்காயெல்லாம் அரிஞ்சு போட்டு, தெருவே மணக்க.

எர்னஸ்டின்: மெதுவாப் பேசு. அப்பா செத்துப் போனவரு. சர்ச்சுல அவரு பேர்ல பெஞ்சே கெடக்கு.

லவீனியா: ராயலும்தான் செத்துட்டான். அவனுக்கு எங்க கெடக்கு பெஞ்சு?

எர்னஸ்டின்: ...சரி, கேட்டுக்கோ. ஊர்ல ஒருத்தனும் தாரத் தொடாத நேரத்துல, அப்பா சட்டையில புதுசா வாழைக்கறை. கொல்லையில போட்டு நான்தான் எரிச்சேன். நீ பாத்துடக் கூடாதுன்னு. பாத்திருந்தா சங்கத்துக்கு ஓடிப் போயி ராயலுக்காகக் கத்தியிருப்ப. அப்பாவ அடிச்சே கொன்னிருப்பாங்க.

டேனா: அம்மா... நான் இப்ப என்ன எழுதறது?

லவீனியா: அந்தப் பேர அடிச்சுடு. ஹோரஸ் லாம்கின்னு எழுது. எங்கப்பா. ராயல் மக வந்தா, இங்க உங்கப்பா படம் இல்லம்மான்னு சொல்லு. யாரு சொன்னான்னு கேட்டா, என் பேரச் சொல்லு.

எர்னஸ்டின்: இத்தன வருஷம் மறைச்சேன்னு கோவமாடி?

லவீனியா: உம்மேல என்னக்கா கோவம்... நீ எரிச்ச சட்ட ஈரமா இருந்துச்சே, ஏன்னு யோசிக்கவே இல்லையா? கறை போகுதான்னு கை தோலு உரியத் துவச்சவ நான்தான். போகல. கொல்லையில போட்டுட்டு உள்ள வந்தேன், இன்னொரு கரண்டி கோழி கேட்டு வாங்கித் தின்னேன்.