குனிந்து வந்த விருந்தாளி

— இங்கே ஒரு கையெழுத்து, பின்பக்கம் ஒண்ணு. அவ்வளவுதான் லொரைன் மேடம். அதுக்கப்புறம் வரித்துறை இந்த வீட்டுப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்காது.

— இருங்க ஜூலியன் சார், டீ ஆறுது பாருங்க. இஞ்சி கேக்கும் எடுத்துக்குங்க. நடையில பல்பு போயிடுச்சு, இருட்டுல தடவிக்கிட்டு வரவேண்டியதாப் போச்சு உங்களுக்கு.

— அதெல்லாம் ஒண்ணும் இல்ல. இவங்க யாருன்னு சொல்லவே இல்லியே?

— பாருங்க, மறந்தே போயிட்டேன். மொய்ரா. என் வீட்டுக்காரர் டெரிக்கோட அக்கா. கிளாஸ்கோவுலேர்ந்து வந்திருக்காங்க. போனவர் பேர்ல இருக்கிற பிரச்சினை, அவர் பக்கத்து ஆள் ஒருத்தர் இருக்கட்டுமேன்னு நான்தான் வரச் சொன்னேன்.

— அக்காவா?

— ஏன் சார், ஆச்சரியமா இருக்கா?

— சேச்சே. எனக்கென்ன தெரியும்? உங்க வீட்டுக்காரரை நான் பார்த்ததுகூட இல்ல. இந்த ஊருக்கே இப்பத்தான் முதல் தடவையா வர்றேன். சந்தோஷம் மேடம்.

— எனக்கும் சந்தோஷம் தம்பி. நீங்க பேசுங்க. நான் பாட்டுக்கு இந்த ஸ்வெட்டரைப் பின்னிக்கிட்டு இருக்கேன். நடுவுல ஏதாவது கேட்டா மட்டும் கோவிச்சுக்கக் கூடாது. சும்மா கேப்பேன்.

— தாராளமா கேளுங்க. நான் எதுக்கு இருக்கேன்?

— அப்படின்னா சும்மா கேக்கறேன். டெரிக் என்னதான் தப்பு பண்ணினான்?

— தப்பே பண்ணல மேடம். கப்பல்தளத்துல ஒப்பந்த வேலை. நடுவுல ஒரு கம்பெனி. அது அவர் சம்பாத்தியத்துல கொஞ்சத்தைச் சம்பளமாவும் மிச்சத்தைக் கடனாவும் கொடுத்தது. கடனுக்கு வரி கிடையாது. சுலபமான விஷயம்.

— கடன்னா திருப்பிக் கட்டணுமே.

— கட்ட வேண்டாத கடன்.

— எங்க பக்கம் அதுக்குச் சம்பளம்னு பேரு.

— வரித்துறையும் அதைத்தான் சொல்லுது அண்ணி. அத்தனை வருஷத்துக்கும் வரி, அதுக்கு மேல வட்டி. டெரிக் போயிட்டதால எல்லாம் இந்த வீட்டு மேல நிக்குது. யாரை வெச்சுப் பேசப் போறேன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள நான் சொல்லியாகணும். இல்லேன்னா கோர்ட்டு. அப்புறம் வீட்டு வாசல்ல விற்பனைப் பலகை.

— பலகையும் வராது, பக்கத்து வீட்டுக்காரங்க வேடிக்கையும் பார்க்க மாட்டாங்க. நான் இருக்கேன்ல? இதே மாதிரி அறுபது குடும்பம் என்கிட்ட இருக்கு. ஒருத்தர்கூட ஒரு பவுண்டு கட்டல.

— ஒருத்தர்கூடவா?

— ஒருத்தர்கூட.

— சும்மா கேக்கறேன் தம்பி. கட்ட வேண்டாம்னு தீர்ப்பாயிடுச்சா, இல்ல இன்னும் வழக்கு நடக்குதா?

— நடக்குது மேடம். நடக்கிற வரைக்கும் கட்ட வேண்டாம் இல்லியா?

— ஓஹோ. விழற வரைக்கும் மாடியிலேர்ந்து குதிச்சவனுக்கும் அடிபடல.

— ஹா, நல்லாப் பேசறாங்க உங்க நாத்தனார். பாருங்க லொரைன் மேடம், லண்டன்லயே பெரிய வக்கீல் ஒருத்தரோட அபிப்பிராயம் எழுத்துல வாங்கி வெச்சிருக்கேன். நாம ஜெயிப்போம்.

— பெரிய வக்கீலா? டெரிக்குக்கு அந்தத் திட்டத்தை வித்தப்பவும் பெரிய வக்கீல் பார்த்துச் சரின்னு சொன்னதாத்தான் சொன்னாங்க. டெரிக் அதைக் கேன்டீன்ல எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சார். வெல்டிங் பசங்ககூட மூணு பேர் சேர்ந்தாங்க.

— அது வேற வக்கீல்.

— நீங்க எந்தச் சங்கத்துல உறுப்பினர் தம்பி? வரி ஆலோசகர்களுக்குன்னு ஏதோ இருக்காமே. தப்பு நடந்தா புகார் கொடுக்கலாமாம். ரேடியோவுல சொன்னாங்க.

— சங்கமெல்லாம் கிழவனுங்க கூடி மது குடிக்கிற இடம் மேடம். நான் வேலை செய்யறவன்.

— உங்களால எங்களுக்கு நஷ்டம் வந்தா அதுக்குக் காப்பீடாவது இருக்கா?

— நஷ்டம் வந்தாத்தானே?

— அதுவும் சரிதான். உங்களுக்கு எவ்வளவு?

— நாலாயிரம் முன்பணம். அப்புறம் வருஷா வருஷம் வழக்குநிதி. வீட்டு விலையோட ஒப்பிட்டா சுண்டைக்காய்.

— கெண்டல் ஊர்ல ஒரு அம்மாகிட்டயும் பேசினேன் சார். போன்லதான். முதல் அரைமணி நேரத்துக்குக் காசே கேக்கல.

— யாரு?

— பேரு எங்கேயோ எழுதி வெச்சேன். சங்கத்துல இருக்காங்க. மாயமந்திரம் ஒண்ணும் கிடையாதும்மா, கொஞ்சம் கட்டித்தான் ஆகணும், ஆனா தவணை கேட்டு வாங்கலாம், வீட்டைக் காப்பாத்தலாம்னாங்க.

— அந்தக் கெண்டல் பொம்பளையைத் தெரியும் எனக்கு, கேள்விப்பட்டிருக்கேன். அவங்கல்லாம் வரித்துறைக்கு வால் ஆட்டற கூட்டம். கட்டு, கட்டுன்னு சொல்றதுக்கு ஆலோசகர் எதுக்கு? தபால்காரர் போதுமே.

— அப்படியா? வாலே ஆட்டுவாளா?

— ஆட்டுவாங்க மேடம்.

— பாவம். இந்தக் குளிர்ல.

— சரி, நேரம் ஆகுது. லொரைன் மேடம், இந்தத் தாள் வெறும் அதிகாரம் கொடுக்கிற தாள். உங்க சார்புல நான் பேசலாம்னு. இதுல பெரிய வசதி என்னன்னா, இனிமே வரித்துறைக் கடிதம் எல்லாம் நேரா எனக்கு வந்துடும். கதவு இடுக்குல கடிதம் விழற அந்தச் சத்தம்கூட உங்களுக்குக் கேக்காது. நிம்மதியாத் தூங்கலாம்.

— டெரிக்கும் தூங்கினார்.

— என்ன சொன்னீங்க?

— நிம்மதியா. ரெண்டு வருஷம். யாரோ ஒரு ஆள் உதவிக்கு வந்தாராம். நான் முதியோர் இல்லத்துல சாயங்கால ஷிஃப்ட்டு, நான் இல்லாத நேரமாப் பார்த்து வருவார். நான் முகத்தைக்கூடப் பார்த்ததில்ல. டெரிக் அவர் பேரைச் சொல்ல மாட்டார், நம்ம ஆளுன்னுதான் சொல்வார். நம்ம ஆள் பார்த்துக்கறார் லொரைன், பாரு, கடிதமே வரல. முடிஞ்சுபோச்சுன்னு நினைச்சுட்டார் சார். கடிதம் வரலேன்னா விஷயம் முடிஞ்சுதுன்னு.

— எல்லாரும் அப்படித்தானே நினைப்பாங்க.

— எல்லாக் கடிதமும் நம்ம ஆளுக்குப் போய்க்கிட்டு இருந்தது. சமரசத்துக்கு வாங்கன்னு கூப்பிட்டதும் போச்சு, கெடு முடியுதுன்னு சொன்னதும் போச்சு. கடைசியில வரித்துறையிலேர்ந்து ஒருத்தர் நேர்ல வந்து நின்னார். டெரிக் வாசல்ல அவர்கிட்டப் பேசிட்டு உள்ளே வந்தார். அன்னிக்குத்தான் நான் பயந்தேன்.

— எதுக்கு?

— சத்தமே இல்ல.

— எனக்குப் புரியல மேடம்.

— நீங்க வந்த நடையில ஒரு உத்திரம் இருக்கு பாருங்க. உடைஞ்ச கப்பல் மரம், இரும்பு மாதிரி இருக்கும். இந்த வீடு கட்டினவன் குள்ளனா இருந்திருக்கணும். டெரிக் இத்தனை வருஷம் இருந்தும் தினம் வேலை முடிஞ்சு வரும்போது நங்குன்னு இடிச்சுப்பார். அந்தச் சத்தம் கேட்டுத்தான் நான் கெட்டிலைப் போடுவேன். அன்னிக்கு இடிக்கல. தலை அவ்வளவு தாழ்ந்திருந்தது. அந்த மாசமே போயிட்டார். தூக்கத்துல.

— ரொம்ப வருத்தமா இருக்கு. அந்த மாதிரி ஆளுங்களாலதான் எங்க தொழிலுக்கே கெட்ட பேர். அவன் மேலயும் வழக்குப் போடலாம், நான் இருக்கேன்ல?

— அவர் எங்கே இருக்கார்னு தெரியாதே. அடக்கம் முடிஞ்ச மறுவாரமே நீங்க போன் பண்ணினீங்க. அது ஒரு ஆறுதல்.

— பத்திரிகையில இரங்கல் அறிவிப்பு பார்த்தேன்.

— அதுல வரிப் பிரச்சினைன்னும் போட்டிருந்தாங்களா தம்பி?

— அந்த வயசுல, கப்பல்தளத்துல ஒப்பந்தத்துல இருந்தவங்க பாதிப் பேருக்கு இருக்கு மேடம். ஒரு ஊகம்தான்.

— நல்ல ஊகம். லொரைன், அந்தப் பட்டாணிப் பொட்டலத்தை வெளியில எடுத்து வெச்சியே, திரும்ப ஃப்ரீஸர்ல வெச்சுடு. உருகுது.

— ஆமா அண்ணி. சாருக்குத் தேவைப்படல.

— பட்டாணி எதுக்கு?

— நெத்திக்கு சார். முதல் தடவை வர்றவங்க எல்லாரும் அந்த உத்திரத்துல இடிச்சுப்பாங்க. மீட்டர் பார்க்க வந்த பையன், பாதிரியார், சவப்பெட்டி தூக்க வந்த ரெண்டு பேர். நான் உறைஞ்ச பட்டாணியைத் துணியில சுத்தித் தயாரா வெச்சிருப்பேன். நீங்க அந்த இருட்டுல அழகாக் குனிஞ்சு வந்துட்டீங்க.

— நான்... பழைய வீட்டுலயே பொறந்து வளர்ந்தவன். பழக்கம்.

— போன்ல லண்டன்ல பதினாலாவது மாடியில வளர்ந்தேன்னு சொன்னீங்களே?

— லீவுக்கு மாமா வீடு. பழைய வீடு. என்ன மேடம், கையெழுத்துக்கு வந்தா போலீஸ் விசாரணை மாதிரி இருக்கு. பேனா இந்தாங்க.

— என் கண்ணாடி எங்கேன்னு பார்க்கறேன்.

— உங்க கழுத்துலதான் தொங்குது. மேடம், நான் மழைக்கு முன்னாடி கிளம்பணும். இந்த ஊர்க் காத்துல ரயிலே... என்னது அது?

— எது சார்?

— நடையில. யாரோ இடிச்ச மாதிரி.

— கேட்டுதா உங்களுக்கு?

— நங்குன்னு. மரத்துல. யார் இருக்கா அங்கே?

— யாரும் இல்ல. வெளிக்கதவைப் பூட்டிட்டேன்.

— பைப்பா இருக்கும். ஹீட்டர் பைப்பு.

— ஹீட்டரை நான் போன மாசமே நிறுத்திட்டேன் சார், கட்டுப்படியாகல. கோட்டைப் போட்டுக்கிட்டுத்தானே உக்காந்திருக்கோம். டெரிக் வேலை முடிஞ்சு வர்ற நேரம் இது.

— விளையாடாதீங்க மேடம்.

— விளையாடல. அடக்கத்துக்கு மறுநாளே ஆரம்பிச்சுது. பக்கத்து வீட்டுக்குப் புதுசாக் குடி வந்தவங்களை உக்காத்தி வெச்சுக் கேட்டுப் பார்த்தேன், அவங்களுக்குக் கேக்கல. பாதிரியாருக்குக் கேட்டுது, டம்ளரைக் கீழே போட்டுட்டார். டெரிக்கோட கேன்டீன் சிநேகிதர் வந்தார், அவருக்கும் கேட்டுது, அழுதுட்டார். எனக்கு என்ன தோணுதுன்னா, அவரோட பேசிப் பழகினவங்களுக்கு மட்டும்தான் கேக்குது.

— நான் அவரோட பழகினதில்ல.

— இல்லதான். நீங்க சொன்னீங்களே.

— அப்போ எனக்கு எப்படிக் கேக்கும்? காத்து. காத்துல ஏதோ அடிச்சிருக்கு. இவங்களைக் கேளுங்க. உங்களுக்கும் கேட்டுது இல்ல மேடம்? சொல்லுங்க.

— எனக்கு ஒண்ணும் கேக்கல தம்பி.

— கேக்கலியா?

— ஊசி சத்தம்தான் கேட்டுது. உங்க முகம் ஏன் இப்படி வெளுத்துப் போச்சு? டீயைக் கொட்டிக்கிறீங்க பாருங்க.

— நல்லாப் பொய் சொல்றீங்க. கூடப் பொறந்த அக்காவுக்குக் கேக்காதாம், எனக்குக் கேக்குமாம். ரெண்டு பேருமாச் சேர்ந்து நாடகம் ஆடறீங்களா?

— எனக்குக் கேக்காததுக்கு நான் என்ன பண்றது?

— கேக்காது. உனக்கு எப்படிக் கேக்கும்? வந்ததுலேர்ந்து பார்க்கறேன், சங்கம், காப்பீடு, தீர்ப்புன்னு. நீ அந்தக் கெண்டல் பொம்பளைதானே? அக்காவாம் அக்கா. டெரிக்குக்கு ஏது அக்கா? கூடப் பொறந்தவங்க யாருமில்லாத ஒத்தைப் பிள்ளை, அவரே இதே மேஜையில உக்காந்து என்கிட்ட சொல்லியிருக்கார்.